ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் 1:48 டைகாஸ்ட்: மூக்கு மட்டும் தங்க நிறம், போலியா?

மேசைவிமானி எழுதியது:

வணக்கம். பல மாதமாக இங்கே வந்து படித்துவிட்டு ஓசைப்படாமல் போய்க்கொண்டிருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இதுவரை கார் மாடல்கள் மட்டும்தான் சேர்த்தேன். போன வாரம் முதல் முறையாக ஒரு விமானம் வந்து சேர்ந்தது. 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்த லிண்ட்பெர்க்கின் விமானம், ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், 1:48 (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு), டைகாஸ்ட், அதாவது உலோக வார்ப்பு. புதிது இல்லை, ஒருவர் பல வருடம் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்து கொடுத்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். இறக்கை நுனிக்கு நுனி அளந்தேன், 29 சென்டிமீட்டர். புரொப்பெல்லர் ஊதினால் சுற்றுகிறது. வந்த அன்று தூங்கப் போகும்வரை அதை ஊதிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள்தான் சந்தேகம் ஆரம்பித்தது. பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலதும் ஒத்துப்போகவில்லை. உடம்பெல்லாம் வெள்ளி நிறமாக இருக்க, இன்ஜினுக்குப் பின்னால் மூடியிருக்கும் தகடுகள் மட்டும் தங்க நிறம். அதன்மேல் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகக் கொடிகள், பல நாட்டுக் கொடிகள். 1927 மே மாதம் கிளம்பும்போது எடுத்த படங்களில் ஒரு கொடிகூட இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கமா வெள்ளியா என்று தெரியாது, சரி, ஆனால் கொடி இருந்தால் தெரிந்திருக்குமே. ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ 'மே 20-21, 1927' என்றே போட்டிருக்கிறது.

அப்புறம் விமானிக்கு முன்கண்ணாடியே கிடையாது. பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, முன்னால் வெறும் உலோகம். அச்சில் விட்டுப்போய்விட்டதா? இறக்கையின் மேல்பக்கம் பார்த்தால் வலது இறக்கையில் மட்டும் என்-எக்ஸ்-211 என்று எழுத்து, இடது மொட்டை. உடம்பின் இடது பக்கம் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது, வலது பக்கம் அது இல்லை. வார்ப்பில் வந்த பிசிறாக இருக்கும். மெல்லிய அரம் ஒன்று வைத்திருக்கிறேன், ராவி எடுத்துவிட்டு வெள்ளி பெயின்ட் தொட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

உண்மையான கவலை இதுதான்: சக்கரக் கால் உடம்போடு சேருமிடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது. வளருமா?

இது போலியா, இல்லை செய்தவர்கள் ஒழுங்காகப் பார்க்காமல் செய்ததா? தங்க நிறத்தையும் கொடியையும் எடுத்துவிட்டு மூக்கை வெள்ளியாக்கினால் சரியாகிவிடுமா?

காகிதக்கொக்கு எழுதியது:

பெயின்டில் கை வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் மாடல் போலி இல்லை. அந்தத் தங்க மூக்கு நிஜ விமானத்திலும் இருக்கிறது, இன்றைக்கும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1927இல் அது தங்க நிறமாக இல்லை. இரண்டுமே உண்மை, அதுதான் இந்த விமானத்தின் வேடிக்கை.

நடந்தது இப்படி. மூக்குத் தகடுகள் உலோகம். மீதி உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, அதற்கு அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு. உலோகத் தகடுகளுக்கு பெயின்ட் அடிக்காமல், வட்டம் வட்டமாகத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள், பழைய கடிகாரத்தின் உள்ளே தெரியுமே அந்த மாதிரிச் சுழிகள். உங்கள் மாடலில் அந்தச் சுழி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இருந்தால் செய்தவர் கவனமாகவே செய்திருக்கிறார் என்று அர்த்தம். 1928 ஏப்ரல் 30 அன்று லிண்ட்பெர்க் அதைக் கடைசியாக ஓட்டிக்கொண்டு போய் வாஷிங்டனில் இறக்கி ஸ்மித்சோனியனிடம் ஒப்படைத்தார். எழுத்தும் கொடியும் அழிந்துவிடக் கூடாதே என்று கொஞ்ச நாளில் அங்கிருந்தவர்கள் மூக்கின்மேல் நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசினார்கள். வருடக்கணக்கில் அது பழுத்து மஞ்சளாகிவிட்டது. வெள்ளி உலோகத்தின்மேல் மஞ்சள் படலம், பார்ப்பவர் கண்ணுக்குத் தங்கம். 2015இல் விமானத்தைத் தரைக்கு இறக்கிப் பராமரிப்பு வேலை செய்தபோது வார்னிஷை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள், பிறகு அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்கள். ஆக தங்க நிறம் லிண்ட்பெர்க்கின் வேலை இல்லை, விமானத்தைக் கட்டிய ரயான் கம்பெனியின் வேலையும் இல்லை, அருங்காட்சியகத்தில் ஏறியது.

கொடிகள் வேறு சமாச்சாரம். அவை பாரிஸ் பயணத்துக்குப் பிறகு வந்தவை. பாரிஸில் இறங்கிய பின் பெல்ஜியம், இங்கிலாந்து என்று பறந்தார், அங்கிருந்து விமானத்தைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து மெம்ஃபிஸ் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் 48 மாநிலங்களுக்கும் ஒரு சுற்று (அப்போது 48தான்), 1927 டிசம்பரில் வாஷிங்டனிலிருந்து நிற்காமல் மெக்சிகோ நகரம் வரை 27 மணி நேரத்துக்கும் மேல், அங்கிருந்து மத்திய அமெரிக்கா, கொலம்பியா, வெனிசுவேலா, கரீபியன் தீவுகள், கடைசியில் ஹவானா. போன நாடுகளின் கொடிகள்தான் மூக்கில் இருப்பவை. ஒரு பயணப்பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி.

முன்கண்ணாடி விட்டுப்போகவில்லை. அங்கே கண்ணாடி வைக்க இடமே இல்லை, பெட்ரோல் டாங்க் உட்கார்ந்திருக்கிறது. நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை சுமார் 5,800 கிலோமீட்டர், வழியில் இறங்க முடியாது, அதனால் ஏறக்குறைய 1,700 லிட்டர் எரிபொருள் ஏற்ற வேண்டும். இறக்கையில் மூன்று டாங்க், மூக்கில் ஒன்று, பெரியது உடம்பின் நடுவில். வடிவமைத்த டொனால்ட் ஹால் விமானியை முன்னால் உட்கார வைத்துப் பெரிய டாங்கை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கலாம். லிண்ட்பெர்க்தான் வேண்டாம் என்றார். எங்காவது மோதினால் முன்னால் இன்ஜின், பின்னால் டாங்க், நடுவில் நசுங்க அவர் தயாராக இல்லை. எனவே டாங்க் முன்னால், அவர் பின்னால். நேரே பார்க்க வேண்டுமானால் விமானத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், அல்லது பெரிஸ்கோப். ஆமாம், நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கிற அதே சமாச்சாரம். நீர்மூழ்கியில் முன்பு வேலை பார்த்திருந்த தொழிலாளி ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னதாம்.

அப்புறம் வால். அதைக் கவனியுங்கள், இந்த மாடலில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். உடம்புக்கும் இறக்கைக்கும் வால் சின்னதாகத் தெரியும், செய்தவர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டாரோ என்று தோன்றும். இல்லை. ரயானின் முந்தைய எம்-2 விமானத்தின் வாலையே எடுத்து வைத்துவிட்டார்கள், நேரம் இல்லை. மொத்த விமானமும் சான் டியேகோவில் சுமார் இரண்டு மாதத்தில் கட்டியது, 1927 ஏப்ரல் 28இல் முதல் பறப்பு, அதற்கு மூன்று வாரம் கழித்து அட்லாண்டிக். இறக்கையை நீட்டிவிட்டு வாலைச் சின்னதாகவே விட்டதால் விமானம் ஒரு நிலையில் நிற்காது, கையை எடுத்தால் அலையும். 33 1/2 மணி நேரம் தூங்காமல் போன மனிதருக்கு அது ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று, கண் அசந்தால் விமானமே உலுக்கி எழுப்பிவிடும்.

துத்தநாகம் எழுதியது:

கொக்கு சரித்திரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் விரிசலுக்கு வருகிறேன். கார் சேர்த்தவர் என்பதால் துத்தநாக நோய் என்ற பேரைக் கேட்டிருப்பீர்கள், அதனால்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டைகாஸ்ட் என்றால் பெரும்பாலும் ஸாமாக் என்ற கலவை. துத்தநாகம்தான் அதிகம், அதோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியம், தாமிரம். பேரே இந்த நாலு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்ததுதான். கலவையில் ஈயமோ தகரமோ காட்மியமோ ஒரு துளி கூடுதலாகக் கலந்துவிட்டால் உலோகத்தின் உள்ளே பரல்களுக்கு நடுவில் அரிப்பு ஆரம்பித்து, பொருள் உப்பி, வளைந்து, வெடித்து, கடைசியில் கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். 1920, 30களில் வந்த பொம்மைகளில் இது சகஜம். அதற்கு மருந்து கிடையாது. வார்க்கும்போதே விதி எழுதியாகிவிட்டது, ஈரப்பதம் அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு மாடலிலிருந்து பக்கத்து மாடலுக்குத் தொற்றும் என்று சிலர் தனியாக ஒதுக்கி வைப்பார்கள், அது வெறும் வதந்தி, தொற்றாது.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இல்லை என்றே நினைக்கிறேன். கால் தனியாக வார்த்து உடம்பில் செருகி, அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். வருடக்கணக்கில் இணைப்பு இம்மி அசைந்தாலும் மேலே இருக்கும் பெயின்ட் பிளக்கும். விரிசல் ஒற்றைக் கோடாக, இணைப்பின் ஓரமாகவே போகிறதா? அப்படியானால் பெயின்ட்தான். ஏரி வறண்டால் தரை வெடித்திருக்குமே அந்த மாதிரிக் கிளை கிளையாகப் போகிறதா, பக்கத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா, ஒரு இறக்கை மட்டும் தொங்கினாற்போல இருக்கிறதா? அப்படியானால் வருத்தமான செய்தி. இன்றைக்கே ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று. கண்ணை நம்ப வேண்டாம், கண் பயந்தால் எல்லாம் வளர்ந்த மாதிரிதான் தெரியும். எனக்கு ஒருமுறை இல்லாத விரிசல் ஒரு வாரம் முழுக்க வளர்ந்துகொண்டிருந்தது, கடைசியில் லென்ஸில் ஒட்டியிருந்த முடி.

பெட்டியில் பஞ்சு மாதிரி ஃபோம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பழைய ஃபோம் உருகிப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். டயர் மென்மையான பிளாஸ்டிக் என்றால் ஸ்டாண்டின்மேல் நேரடியாக நிற்க விடாதீர்கள், நாளடைவில் ஸ்டாண்டை அரித்துத் தடம் பதித்துவிடும். தூசிக்கு மெல்லிய முடி பிரஷ் போதும், ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் அச்சிட்ட எழுத்தும் கொடியும் துணியோடு வந்துவிடும். தூக்கும்போது உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள், இறக்கையைப் பிடித்து வேண்டாம்.

கனத்தைப் பற்றிச் சொன்னீர்களே, ஒரு கணக்குப் போட்டேன். நிஜ விமானம் காலியாக 975 கிலோ. 1:48 என்றால் எடை 48 தடவை குறையாது, 48ஐ 48ஆல் பெருக்கி, திரும்பவும் 48ஆல் பெருக்கிய அளவுக்குக் குறையும், அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம். வகுத்தால் 9 கிராம்கூட வரவில்லை. எரிபொருள் நிரம்ப ஏற்றிக் கிளம்பியபோது சுமார் 2,380 கிலோ, அதுகூட 22 கிராமுக்குள். துணியும் மரமும் குழாயுமாக இருந்த ஒன்றைத் துத்தநாகத்தில் வார்த்து 'கனமாக இருக்கிறது, தரமாக இருக்கிறது' என்கிறோம் நாம். அந்தக் கனம் முழுக்க அந்தக் குச்சிக் கால்கள்தான் தாங்குகின்றன, விரிசல் அங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கோந்துவிரல் எழுதியது:

எல்லாரும் செய்தவரைக் காப்பாற்றுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் பிளாஸ்டிக் கிட் ஒட்டுகிறவன், இந்த விமானத்தையே மூன்று தடவை ஒட்டியிருக்கிறேன். எங்கள் பக்கம் முதலில் கேட்கிற கேள்வி, எந்த நாள்? விமானம் என்றால் ஒரே பொருள் இல்லை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மே 20 காலை 7:52க்கு நியூயார்க் பக்கம் ரூஸ்வெல்ட் ஃபீல்டில் சேறாகிக் கிடந்த தரையில் ஓடி, ஓடுபாதை முடிவில் தொலைபேசிக் கம்பிகளைக் கொஞ்சத்தில் தாண்டி எழும்பியதே, அந்த விமானத்துக்கு வெள்ளி மூக்கு, கொடி கிடையாது. மே 21 ராத்திரி 10:22க்கு பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் இறங்கி அரைமணி கழித்துப் பார்த்தால் அதே விமானம் கிடையாது, ஓடிவந்த கூட்டம் ஞாபகத்துக்கு என்று துணியைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. கொடியெல்லாம் சேர்ந்து முடிந்தது 1928 தொடக்கத்தில். தங்கம் அதற்கும் பிறகு, அது பறக்கவே இல்லை. தங்க மூக்கோடு ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் ஒரு நிமிடம்கூட வானத்தில் இருந்ததில்லை. அப்படியிருக்க அதை ஸ்டாண்டில் வைத்து, கீழே மே 20-21 என்று தகடும் ஒட்டினால் அது தப்புதானே? கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்கு நரைத்த தலை மாதிரி.

ஆனால் மேசைவிமானி, மூக்கைச் சுரண்ட வேண்டாம் என்பதில் நானும் மற்றவர்கள் கட்சிதான், காரணம் வேறு. இந்த மாடல்களில் சுழி, தங்க நிறம், எழுத்து, கொடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ரப்பர் திண்டால் ஒற்றி அச்சிட்டது. கொடியை மட்டும் எடுக்கப் போனால் சுழி போகும், சுழி போனால் 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' என்ற எழுத்தும் போகும், அந்த எழுத்தைத் திரும்ப அதே வளைவோடு கையால் எழுத உங்களால் முடியாது, என்னாலும் முடியாது, டெக்கால் என்கிற ஒட்டுப்படம் தேடி அலைய வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எனக்கு நடந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு டைகாஸ்டை 'திருத்தி' இப்போது அது மூக்கில்லாமல் அலமாரியின் பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

விமானத்தை மாற்றுவதைவிடத் தகட்டை மாற்றுவது சுலபம். ஸ்டாண்டில் இருப்பதை மெதுவாகக் கழற்றிப் பெட்டியில் பத்திரமாகப் போட்டு வைத்துவிட்டு, 'ஸ்மித்சோனியனில் தொங்கும் நிலையில்' என்று சின்னதாக அச்சிட்டு ஒட்டிப் பாருங்கள். ஒரே நொடியில் மாடல் முழுக்கச் சரியாகிவிடும். வெள்ளி மூக்கு வேண்டுமென்றால் ஒரு கிட் வாங்கி ஒட்டுங்கள், பக்கத்தில் வையுங்கள்.

மேசைவிமானி எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

துத்தநாகம் சொன்னபடி பார்த்தேன். ஒற்றைக் கோடு, இணைப்பை ஒட்டியே போகிறது, கிளை இல்லை, கொப்புளம் இல்லை. படம் எடுத்து வைத்துவிட்டேன். ஃபோமைத் தூக்கிப் போட்டாயிற்று, ஏற்கெனவே இறக்கையின் அடியில் கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, நல்லவேளை எழுத்துமேல் படவில்லை. மூக்கில் சுழி இருக்கிறது! லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது, வெளிச்சத்தில் சாய்த்தால் ஒவ்வொரு வட்டமாக மினுக்குகிறது. இதைச் சுரண்டப் போனேனே.

தகடு மாற்றும் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று, பெட்டியின் பின்னால் 'அட்லாண்டிக்கை முதன்முதலில் நிற்காமல் கடந்த விமானம்' என்று எழுதியிருக்கிறது. புதுத் தகட்டில் அதையும் சேர்க்கலாமா? அப்புறம் அந்த மொட்டை இடது இறக்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

வால்கட்டை எழுதியது:

சேர்க்காதீர்கள். அது தப்பு, நம்மில் பாதிப் பேர் நம்புகிற தப்பு.

அட்லாண்டிக்கை நிற்காமல் விமானத்தில் முதலில் கடந்தவர்கள் ஆல்காக், பிரவுன் இருவரும், 1919 ஜூன் 14-15, விக்கர்ஸ் விமி விமானத்தில், நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்தில் கிளிஃப்டன் வரை. அதற்கு முந்தின மாதமே என்.சி.-4 என்ற அமெரிக்கக் கடற்படையின் பறக்கும் படகு வழியில் நின்று நின்று கடந்துவிட்டது. அதாவது லிண்ட்பெர்க்குக்கு எட்டு வருடம் முன்பே. இவர் செய்தது தனி ஆளாக, நிற்காமல், நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு. ஒர்டெய்க் என்ற ஹோட்டல்காரர் 1919இல் அறிவித்த 25,000 டாலர் பரிசும் நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் நடுவில் நிற்காமல் பறப்பதற்குத்தான், தனியாகத்தான் போக வேண்டும் என்று அதில் இல்லை. மற்றவர்கள் பெரிய விமானம், மூன்று இன்ஜின், கூட ஆட்கள் என்று தயாரானபோது 25 வயசுக்காரர் ஒரே இன்ஜின், ஒரே ஆள், ரேடியோ வேண்டாம், பாராசூட்டும் வேண்டாம், மிச்சப்படுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பெட்ரோல் என்று போனார். உட்கார்ந்தது பிரம்பு நாற்காலி. ரைட் கம்பெனியின் ஒன்பது சிலிண்டர் வேர்ல்விண்ட் இன்ஜின், 223 குதிரைத்திறன்.

தகட்டில் 'நீண்ட தூரச் சாதனை' என்று போட நினைத்தாலும் யோசித்துப் போடுங்கள், சாதனைதான், ஆனால் அது இரண்டு வாரம்தான் நின்றது. 1927 ஜூன் 4இல் சேம்பர்லின் என்ற விமானி கொலம்பியா என்ற பெல்லான்கா விமானத்தில் அதன் உரிமையாளர் லெவினைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஜெர்மனியில் ஐஸ்லெபன் வரை போய்விட்டார், லிண்ட்பெர்க்கைவிட ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கூடுதல். கொலம்பியாவுக்கு எத்தனை டைகாஸ்ட் வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எனக்கு இது தீராத குறை. லிண்ட்பெர்க்கே அந்த விமானத்தைத்தான் முதலில் வாங்கப் பார்த்தார், விமானி யார் என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்று உரிமையாளர் சொன்னதால்தான் அது நடக்கவில்லை, அப்புறம்தான் ரயானிடம் போனார்.

இடது இறக்கை மொட்டையாக இருப்பது சரிதான். பதிவு எண் மேல்பக்கம் வலது இறக்கையில், அடிப்பக்கம் இடது இறக்கையில், அப்போது அமெரிக்காவில் அப்படித்தான் எழுதுவார்கள். திருப்பிப் பாருங்கள், அடியில் இடது பக்கம் இருக்கும். என் என்றால் அமெரிக்கா, எக்ஸ் என்றால் சோதனை விமானம். வாலின் சுக்கானில் ரயான் என்.ஒய்.பி. என்றும் இருக்க வேண்டும், நியூயார்க்-பாரிஸின் சுருக்கம். விமானத்துக்கு மாடல் பேராகவே போகிற ஊரை வைத்துவிட்டார்கள்.

வால் பக்கம் பார்க்கும்போது இதையும் பாருங்கள்: பின்னால் சக்கரம் இருக்கக் கூடாது, இழுவைக் கட்டைதான். என் பேரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு இது முக்கியம். சக்கரம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து திட்டுவோம்.

மேசைவிமானி எழுதியது:

கட்டைதான், சக்கரம் இல்லை. திட்ட வேண்டியதில்லை. அடியில் இடது இறக்கையில் எழுத்தும் இருக்கிறது, திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை பாருங்கள். சரி, அப்படியானால் மிச்சம் அந்தப் பிசிறு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ராவிவிடுகிறேன்.

பழையகண்ணாடி எழுதியது:

நிறுத்துங்கள் நிறுத்துங்கள். இத்தனை பேர் இத்தனை எழுதியும் யாரும் அதைப் படிக்கவில்லையா?

இடது பக்கம், ஜன்னலுக்குச் சற்று முன்னால், வலது பக்கம் இல்லாமல், ஒரு சின்னப் புடைப்பு. கொக்கு, நீங்களே பெரிஸ்கோப் பற்றி எழுதிவிட்டு அதைக் கவனிக்காமல் போனீர்களே! இந்த விமானத்தில் பெரிஸ்கோப் மேலே நீட்டாது, பக்கவாட்டில், இடது பக்கமாக நீட்டும். வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மேசைவிமானி வைத்திருப்பது நீட்டிய நிலையில் செய்தது. நிறைய மாடல்களில் வெறும் கோடாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இதில் உருவமாகவே வார்த்திருக்கிறார்கள் போல. மூக்கு நிறத்தில் நாள் கணக்கைக் குழப்பியவர் இதில் மட்டும் இவ்வளவு பார்த்துச் செய்திருக்கிறார்.

வெளியே தெரியாத விஷயங்களும் இந்த விமானத்தில் நிறைய, மாடலில் யாரும் செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு டாங்கும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று லிண்ட்பெர்க் கருவிப் பலகையிலேயே பென்சிலால் கோடு கோடாகக் குறித்து வைத்தார். புரொப்பெல்லர் நடுவில் முதலில் மாட்டிய மூக்குக் கூம்பின் உள்பக்கம் ரயான் ஊழியர்கள் எல்லாரும் பேரை எழுதி, அதிர்ஷ்டத்துக்கு ஒரு ஸ்வஸ்திகாவும் வரைந்திருந்தார்கள், அமெரிக்காவில் அந்தச் சின்னத்துக்கு அப்போது வேறு அர்த்தம் ஒட்டியிருக்கவில்லை. கூம்பில் விரிசல் கண்டு நியூயார்க்கில் அதை மாற்ற வேண்டியதாகிவிட்டது. விரிசல் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மேசைவிமானி எழுதியது:

அரத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

லென்ஸில் பார்த்தேன். பிசிறு இல்லை, ஓரம் நேராக, மூலை சதுரமாக இருக்கிறது, முன்பக்கத்து முகத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வேறு வைத்திருக்கிறார்கள், கண்ணாடி போல. இரண்டு வாரமாக இதைத்தான் ராவ நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுத் தகட்டில் எழுத வேண்டியதை அனுப்புகிறேன், வால்கட்டை ஒரு தடவை பார்த்துச் சொன்னால்தான் அச்சுக்குக் கொடுப்பேன். யாரிடமாவது கொலம்பியா இருந்தால் படம் போடுங்கள், பக்கத்தில் இன்னும் 29 சென்டிமீட்டருக்கு இடம் இருக்கிறது.